இடம் குறைந்த படகுக்குச் சப்வூஃபர் பெட்டி கட்டும் முறை

காரில் நெஞ்சை அதிர வைத்த சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரை) கழற்றிப் படகில் வைத்தால் பாதி உயிர் போனதுபோல் ஒலிக்கும். ஸ்பீக்கரில் குறை இல்லை. கதவும் கண்ணாடியும் மூடிய காரின் உட்புறம், தாழ்ந்த அதிர்வெண்களைத் தானாகவே ஏற்றிக் கொடுக்கிறது. திறந்த படகில் அந்த உதவி கிடையாது. ஒலி நாலாபக்கமும் பரவிப் போகிறது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறது. மிச்சத்தை எஞ்சினும் காற்றும் விழுங்கிவிடும்.

அதனால் 25 ஹெர்ட்ஸைத் துரத்த வேண்டாம். 45 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இறுக்கமாகக் கேட்டால் படகுக்கு அது போதும். இந்த இலக்கை ஏற்றுக்கொண்டால் இடப் பற்றாக்குறை பாதி தீர்ந்துவிடும். எப்படி என்பதைக் கீழே உள்ள கணக்கில் பார்க்கலாம். படகில் வைத்த பெட்டி கெட்டுப்போவதற்குக் கொள்ளளவு குறைந்தது அரிதாகத்தான் காரணம். காற்று கசிந்தது, மரம் ஊறியது, அலையில் ஆடி இணைப்பு விட்டது என்பவைதான் வழக்கமான காரணங்கள். நேரத்தையும் கவனத்தையும் அங்கே செலவிடுங்கள்.

எங்கே வைப்பது, எங்கே வைக்கவே கூடாது

ஸ்டீயரிங் இருக்கும் கன்சோலின் உட்புறம், பக்கவாட்டு இருக்கைகளின் அடிப்பகுதி, ஓட்டுநர் சாய்ந்து நிற்கும் இருக்கையின் கீழ்ப்பெட்டி. சிறிய படகில் பெரும்பாலும் இந்த மூன்றுதான் கிடைக்கும். இவற்றில் கன்சோலின் கால்பக்கம் சிறந்தது. ஸ்பீக்கர் தரைக்கும் சுவருக்கும் ஒட்டிய மூலையில் அமர்வதால், பரவிப் போகிற ஒலியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. கேட்பவரும் ஒரு மீட்டருக்குள் இருக்கிறார். அதே பெட்டியைப் படகின் முன்முனை லாக்கரில் வைத்தால் ஓட்டுநருக்கு வந்து சேர்வது மிகக் குறைவு.

பெட்ரோல் எஞ்சின் அறை, பெட்ரோல் டேங்க் இருக்கும் அறை, அவற்றோடு காற்று கலக்கும் பில்ஜ் (தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம்) ஆகியவற்றில் ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ வைக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது. தாழ்வான இடத்தில் தேங்கும். அந்த இடத்தில் இருக்கும் மின்கருவி ஒவ்வொன்றும் தீப்பொறி வெளியே போகாதபடி கட்டப்பட்ட வகையாக இருக்க வேண்டும். ஆடியோ ஆம்ப்கள் அப்படிக் கட்டப்படுவதில்லை.

அடுத்தது திசைகாட்டி. சப்வூஃபரின் காந்தம் அதை இழுக்கும். ஆட்டோபைலட்டின் திசை உணரியையும் இழுக்கும். இடத்தை முடிவு செய்யும் முன் ஸ்பீக்கரைக் கையில் எடுத்து, வைக்கப்போகும் இடத்தில் பிடித்துக்கொண்டு திசைகாட்டியைப் பாருங்கள். ஒரு டிகிரி நகர்ந்தாலும் இடத்தை மாற்றுங்கள். ஒரு மீட்டர் இடைவெளி பொதுவாகப் போதும், ஆனால் அதை நம்பி இந்தச் சோதனையை விட வேண்டாம்.

மிதவைக்காக அடைத்த ஃபோமை வெட்டி இடம் பிடிப்பதும் கூடாது. கடல்நீர் வால்வு, பில்ஜ் பம்பு, ஸ்டீயரிங் கேபிள் ஆகியவற்றுக்குக் கை போகும் வழியை அடைத்துவிட்டால், அவசரத்தில் பெட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

லிட்டர் கணக்கு

சப்வூஃபரோடு வரும் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். எஃப்எஸ் (Fs) என்பது ஸ்பீக்கரின் சொந்த ஒத்ததிர்வு, ஹெர்ட்ஸில். க்யூடிஎஸ் (Qts) என்பது அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். வாஸ் (Vas) என்பது ஸ்பீக்கரின் கோனைத் (அதிரும் கூம்பு) தாங்கும் தொங்கல் எவ்வளவு இளக்கமானது என்பதை லிட்டரில் சொல்வது. மூடிய பெட்டியில் போட்டதும் க்யூடிஎஸ் உயரும். உயர்ந்த பிறகு வரும் மதிப்பை க்யூடிசி (Qtc) என்பார்கள்.

பெட்டியின் கொள்ளளவு = வாஸ் ÷ [(க்யூடிசி ÷ க்யூடிஎஸ்)² − 1]

ஒரு 10 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம்: எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, வாஸ் 40 லிட்டர். பாடப்புத்தகம் விரும்பும் க்யூடிசி 0.707. அதற்கு 27 லிட்டர் வேண்டும். ஒலி 3 டெசிபெல் குறையும் புள்ளி 47 ஹெர்ட்ஸ். க்யூடிசியை 0.8 ஆக்கினால் 18.5 லிட்டர் போதும். அந்தப் புள்ளி 48 ஹெர்ட்ஸ். 1.0 வரை போனால் வெறும் 10 லிட்டர், 52 ஹெர்ட்ஸ்.

27 லிட்டரிலிருந்து 18.5க்கு இறங்கியதில் இழந்தது ஒரே ஒரு ஹெர்ட்ஸ். படகுக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. 10 லிட்டருக்குப் போகும்போதுதான் விலை தெரியும்: 70 முதல் 100 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றேகால் டெசிபெல் மேடு எழும், பேஸ் குரல் குடம்போல் ஒலிக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகள் 27 லிட்டர் பெட்டியைவிட 6 டெசிபெல் வரை பின்தங்கும். ஆகவே 0.75க்கும் 0.9க்கும் இடையில் நின்றுகொள்ளுங்கள். உங்கள் ஸ்பீக்கரின் எண்கள் வேறாக இருக்கும், கணக்கு இதேதான்.

ஓட்டை வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தருமே என்று தோன்றலாம். தரும், இடம் இருந்தால். 30 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் சுமார் 57 செ.மீ. நீளம் வேண்டும். அந்தக் குழாயே நாலரை லிட்டர் தின்னும். வளைக்காமல் உள்ளே போகாது. 7.5 செ.மீ. குழாய்க்கு மாறினால் நீளம் 31 செ.மீ. ஆகக் குறையும், ஆனால் காற்று வேகமாகப் பாய்ந்து புஸ்புஸ் என்று இரையும். கழுவும் தண்ணீரும் பூச்சியும் நுழைய ஒரு வாசலையும் நாமே திறந்து வைத்ததாகிவிடும்.

பெட்டியே இல்லாமல், கன்சோலின் சுவரிலேயே ஸ்பீக்கரைப் பதிக்கும் வழியும் உண்டு. இதற்கென்றே செய்த, க்யூடிஎஸ் 0.6க்கு மேல் உள்ள ஸ்பீக்கர் வேண்டும். சாதாரண பெட்டி ஸ்பீக்கரை இப்படிப் போட்டால், பின்னால் காற்றின் தாங்கல் இல்லாமல் கோன் எல்லை மீறித் துள்ளும். கன்சோலின் பின்கதவு சரியாக மூடாவிட்டால் முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கன்சோலின் ஃபைபர் சுவர் பெரும்பாலும் மெலிது என்பதால், 18 மி.மீ. பிளைவுட் வளையம் ஒன்றை உள்பக்கம் ஒட்டித் தடிமன் கூட்டாமல் ஸ்பீக்கரை அங்கே திருக வேண்டாம்.

கன்சோலை நம்ப முடியாத படகுகளே அதிகம். எனவே இனி மூடிய பெட்டியைத்தான் கட்டப்போகிறோம்.

அட்டையில் முதலில்

படகுக்குள் செங்கோணம் என்பது அரிது. டேப்பால் மூன்று அளவு எடுத்துப் பலகை வெட்டினால், பெட்டி ஒரு மூலையில் முட்டி நிற்கும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, சூடான பசையால் ஒட்டி, முழு அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். வைத்துப் பாருங்கள். படகின் வெளிச்சுவரிலிருந்து 15 முதல் 20 மி.மீ. விலகியிருக்கட்டும், அந்தச் சுவர் அலையில் நெளியும், நெளியும்போது பெட்டியைத் தட்டும். தரையிலிருந்து 20 மி.மீ. உயரமும் விடுங்கள். படகுத் தரையில் தண்ணீர் நிற்காத நாள் குறைவு.

பிறகு, பலர் மறக்கும் சோதனை: அட்டை மாதிரியை வெளியே எடுத்து, வைக்கப்போகும் இடத்தின் வாய் வழியாகத் திரும்ப உள்ளே போடுங்கள். அட்டை மடங்கும், பலகை மடங்காது. மடக்காமல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம். அதற்கும் இடமில்லை என்றால் இரண்டு துண்டாகச் செய்து உள்ளேயே ஒட்ட வேண்டும், அது எவருக்கும் பிடிக்காத வேலை.

ஸ்பீக்கரின் ஆழத்தையும் இப்போதே பாருங்கள். காந்தத்தின் பின்னால் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கருக்கு, அதற்கும் பின்பலகைக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. வேண்டும்.

என்ன பலகை

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கார்ப் பெட்டிக்கு அருமையான பலகை; படகில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக ஈரம் ஏறினாலும் பிஸ்கட்போல் ஊதும். 12 மி.மீ. மரைன் பிளைவுட் எடுங்கள். பிஎஸ் 1088 தரத்தில் உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்காது, பசையும் கொதிநீரைத் தாங்கும். சாதாரண வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில் பசை நன்றாக இருந்தாலும் உள்ளே பொந்துகள் இருக்கலாம். அதுவே காற்று கசியும் பாதை. படகுக் கடைகளில் விற்கும் வெள்ளை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகை அழுகாது, ஆனால் சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாக ஒட்டாது. ஸ்பீக்கர் வளையத்துக்கு அது சரி, காற்றுப்புகாத பெட்டிக்குச் சரியில்லை.

வெளி அளவு 46 × 36 × 20 செ.மீ. உள்ள பெட்டிக்கு வெட்ட வேண்டியவை:

- 46 × 36 செ.மீ. — மூன்று (பின்பலகை ஒன்று, முன்பலகைக்கு இரண்டு அடுக்கு)
- 46 × 16.4 செ.மீ. — இரண்டு
- 33.6 × 16.4 செ.மீ. — இரண்டு
- 33.6 × 3 செ.மீ. — இரண்டு (பின்பலகைக்கு விலா)

உள்ளளவு 43.6 × 33.6 × 16.4 செ.மீ., அதாவது 24 லிட்டர். இதில் ஸ்பீக்கரின் உடம்பு 1.8 லிட்டர் (உங்கள் தாளில் உள்ள எண்ணைப் போடுங்கள்), விலாவும் மூலைப் பூச்சும் அரை லிட்டர் போக, 21.7 லிட்டர் மிஞ்சும். மேலே சொன்ன ஸ்பீக்கருக்கு இது க்யூடிசி 0.76 தருகிறது. முன்பலகையின் வெளிமுகத்திலிருந்து பின்பலகை வரை 18.8 செ.மீ.; ஆக 13 செ.மீ. ஆழமுள்ள ஸ்பீக்கர், விலாவுக்கு மேலேயும் 28 மி.மீ. இடைவெளியோடு உட்காரும்.

முன்பலகையை இரட்டை அடுக்காக்குவது வீண் செலவல்ல. ஸ்பீக்கரின் எடையும் உதறலும் முழுவதும் அங்கேதான் விழுகிறது. 25 முதல் 30 செ.மீ.க்கு மேல் தாங்கலில்லாமல் விரிந்த எந்தப் பலகைக்கும் விலா வேண்டும். கை வைத்துப் பார்த்தால் அதிரும் பலகை, ஸ்பீக்கருக்குக் கொடுத்த மின்சாரத்தைத் தானே செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஒட்டுதல்

எப்பாக்சிதான். ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் உள்ள விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்: 5:1, 3:1, 2:1 எல்லாம் உண்டு. லேபிளில் உள்ளபடியே அளந்துகொள்ளுங்கள்; அது எடையா கன அளவா என்பதையும் பாருங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் அது இறுகாது, காலத்துக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஒரே கப்பில் நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம், எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

1. முதலில் முன்பலகையின் இரண்டு அடுக்குகளையும் ஒன்றாக ஒட்டுங்கள். நடுவில் எங்கும் காற்று சிக்கக் கூடாது. இறுகிய பிறகு, ஸ்பீக்கரோடு வந்த வார்ப்புத்தாளை வைத்து வட்டம் வரைந்து ஜிக்சாவால் வெட்டுங்கள். பெட்டி கட்டிய பிறகு வெட்டினால் ரம்பத்தூள் உள்ளே விழுந்து, பின்னர் காந்த இடைவெளிவரை போகும்.

2. ஒட்டும் விளிம்புகள் இரண்டிலும் வெறும் எப்பாக்சியைத் தூரிகையால் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். பலகையின் குறுக்கு விளிம்பு தாகத்தோடு உறிஞ்சும். பிறகு சிலிகா தூளோ மரத்தூளோ கலந்து வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்சியைப் பூசி இணையுங்கள்.

3. கிளாம்பை மென்மையாக முடுக்குங்கள். மரப்பசைக்கு இறுக்கம் நல்லது. எப்பாக்சியை அப்படி இறுக்கினால் முழுவதும் பிதுங்கி வெளியே வந்து, இணைப்பு வறண்டுபோகும்.

4. பின்பலகையும் நான்கு பக்கங்களும் நின்றதும், உள்மூலைகள் எல்லாவற்றிலும் கெட்டி எப்பாக்சியை விரல்நுனி வளைவில், சுமார் 10 மி.மீ. ஆரத்தில் இழுத்து விடுங்கள். பலத்துக்கும் காற்று அடைப்புக்கும் இந்த வளைவே உயிர். விலாக்களையும் இப்போதே ஒட்டிவிடுங்கள்.

5. முன்பலகையை மூடுமுன் உள்பக்கம் முழுவதும் இரண்டு பூச்சு. மூடிய பிறகு ஸ்பீக்கர் ஓட்டை வழியாகக் கையை விட்டு முன் மூலைகளுக்கும் வளைவு இழுங்கள். கை போகாத மூலை இருந்தால் பெட்டியை அந்தப் பக்கமாகச் சாய்த்து, சற்று இளகிய எப்பாக்சியை ஓட விடலாம்.

6. வெளிப்பக்கம் மூன்று பூச்சு. ஸ்பீக்கர் வட்டத்தின் வெட்டு விளிம்புக்கு நான்கு. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்துவிட்டால் மேலே மெழுகுபோல் ஒரு படலம் இருக்கும்; அதைத் தண்ணீரும் நார்ப்பஞ்சும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் உள்ளே அரைபட்டு, அடுத்த பூச்சு உரியும்.

வெயில் படும் இடமானால் மேலே பெயின்ட் அடியுங்கள். எப்பாக்சிக்குத் தண்ணீர் பயமில்லை, வெயில் பயம் உண்டு.

வைக்கும் இடம் படகின் உடம்போடு வளைந்து போனால், சதுரப் பெட்டி இடத்தை வீணடிக்கும். அப்போது பின்பக்கத்தை ஃபைபர் கிளாஸில் வார்க்கலாம். அந்த மூலையைப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் கொண்டு சுருக்கமின்றி மூடி, அதன்மேல் 450 கிராம் சிஎஸ்எம் மேட்டை (நறுக்கிய கண்ணாடியிழை விரிப்பை)ப் பாலியஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்குங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன் தரும், 6 மி.மீ. வேண்டுமென்றால் ஆறு அடுக்கு, ஒரு தடவைக்கு இரண்டாக. ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஒரு கிலோ அளவில் ரெசின் பிடிக்கும். இந்த மேட்டை எப்பாக்சியோடு போட வேண்டாம்: பெரும்பாலான மேட்டுகளின் பிணைப்புப் பொருள், பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரைந்து இளகும். எப்பாக்சி என்றால் நெய்த துணி. இறுகிய பாலியஸ்டர்மேல் எப்பாக்சி ஒட்டும், எப்பாக்சிமேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. எனவே ஃபைபர் பின்பக்கத்தை முதலில் வார்த்துவிட்டு, முன்பலகையை எப்பாக்சியால் இணையுங்கள். வாய் குறுகி உள்ளே அகன்ற இடத்தில் வார்த்தால் ஓடு வெளியே வராது. ஸ்டைரீன் ஆவிக்கு ஏற்ற முகமூடியும், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் தெறித்தால் கண்ணைக் காக்கக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இப்படி வார்த்த ஓட்டின் கொள்ளளவுக்குச் சூத்திரம் கிடையாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அளந்த வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை லிட்டர் கொண்டதோ அதுதான் அளவு.

வயர் வாசல், ஊசித்துளை, ஸ்பீக்கர்

ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் டெர்மினல் கிண்ணங்கள் காற்றை விடும், ஒரு பருவத்தில் பச்சை பூக்கும். பக்கப்பலகையில் ஓர் ஓட்டை போட்டு, ரப்பர் உள்ள கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) வழியாக வயரை நேராக வெளியே எடுத்துவிடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, 2.5 சதுர மி.மீ.; பூசாத செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும்.

பலகையில் போடும் ஓட்டை எதுவானாலும் ஒரே முறைதான்: வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளையிட்டு, கெட்டி எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். ஸ்க்ரூ இப்போது மரத்தைத் தொடாது, தண்ணீரும் தொடாது.

ஒரு சிறு விஷயம், ஆனால் வெயிலில் நிற்கும் பெட்டிக்கு முக்கியமானது. 25 டிகிரியில் மூடிய பெட்டி 50 டிகிரிக்குச் சூடானால் உள்ளே காற்று 8 சதவீதம் விரியப் பார்க்கும், 21.7 லிட்டருக்கு அது ஒன்றேமுக்கால் லிட்டர் அளவு. போக வழியில்லாவிட்டால் அது கோனை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் பாட்டைப் போட்டால் கோன் ஒரு பக்கம் முட்டித் திணறும். பின்பலகையின் கீழ்ப்பகுதியில் 5 மி.மீ. துளையிட்டு எப்பாக்சியால் அடைத்து, நடுவில் 1 மி.மீ. ஊசித்துளை விடுங்கள். மெதுவாக மாறும் அழுத்தம் அதன் வழியே சமமாகும். ஒரு நொடிக்கு 40 தடவை வரும் அழுத்தத்துக்கு அது இருப்பதே தெரியாது.

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் 200 கிராம், உதறி விரித்துப் பின்பக்கம் வையுங்கள். பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் ஸ்பீக்கர் நடந்துகொள்ளும். பருத்தி வேண்டாம், ஈரம் பிடிக்கும். காந்தத்தின் காற்றுத்துளையைப் பஞ்சு தொடக்கூடாது.

ஸ்பீக்கர், கடலுக்கென்று செய்ததாக இருக்கட்டும்: பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு. தாள் கோனும் ஃபோம் விளிம்பும் இங்கே தாங்காது. அதைப் பதிக்கும் இடத்தில் 3 மி.மீ. மூடிய துளை ஃபோம் டேப்பை வளையமாக ஒட்டி, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போனால் ஸ்பீக்கரின் கூடை (உலோகச் சட்டம்) கோணிக்கொண்டு, உள்ளே உள்ள வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) உரசும். சிலிகான் பூச நினைத்தால் வினிகர் வாடை வரும் வகை வேண்டாம். அதன் ஆவி செம்பை அரிக்கும். நிரந்தரமாக ஒட்டும் கடல் பசையும் வேண்டாம். என்றாவது ஸ்பீக்கரைக் கழற்றத்தான் போகிறீர்கள்.

ஸ்பீக்கரின் முகம் செங்குத்தாக நிற்கட்டும். வானம் பார்த்து வைத்தால் கோன் கிண்ணமாகித் தண்ணீர் சேர்க்கும்.

கசிவுச் சோதனை

விரல்களை கோனின் மையத்தைச் சுற்றிப் பரவலாக வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். மெதுவாக எழுந்தால் பெட்டி அடைப்பாக இருக்கிறது. சட்டென்று குதித்து வந்தால் எங்கோ வழி இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் குற்றவாளி. அனேகமாக கிளாண்டோ காஸ்கெட்டின் (ஃபோம் டேப் வளையத்தின்) சேர்மானமோதான். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கழற்றி அனுப்பும் முன் இதைச் செய்துவிடுங்கள்: கசியும் பெட்டியின் சீறல், கிழிந்த கோன்போலவே கேட்கும்.

படகில் நிறுத்துதல்

ஸ்பீக்கரோடு சேர்த்து இந்தப் பெட்டி 11, 12 கிலோ வரும். அலையில் படகு விழும்போது அந்த எடை பல மடங்காகித் தாக்கும். படகின் உடம்பில் ஸ்க்ரூ அடிக்கவே கூடாது. தரையிலும், கீழே டேங்கும் கேபிளும் இல்லை என்று தெரிந்தால் ஒழிய அடிக்க வேண்டாம். பாதுகாப்பான வழி: பெட்டியின் நான்கு பக்கமும் தரையில் மரைன் பிளைவுட் கட்டைகளை எப்பாக்சியால் ஒட்டி, பெட்டி நகராத ஒரு கூடு செய்து, மேலே நைலான் வாரால் இழுத்துக் கட்டுவது. ஒட்டும் இடத்தில் பெயின்ட்டை 80 எண் உப்புத்தாளால் ஃபைபர் தெரியும்வரை சுரண்டியிருக்க வேண்டும். பெட்டியின் அடியில் 20 மி.மீ. ரப்பர் கால்கள், ஸ்க்ரூவால் அல்ல, பசையால்.

மின்சாரமும் சுருதியும்

ஆம்ப்பைப் பெட்டிமேல் வைக்காதீர்கள், அதிர்வில் அதன் சால்டர் விடும். காற்றோட்டமுள்ள உலர்ந்த சுவரில், செங்குத்தாக வையுங்கள். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனில், 12.5 வோல்ட்டில் முழு வீச்சில் 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 4 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 8 மீட்டர். 16 சதுர மி.மீ. கம்பியில் 0.44 வோல்ட் போய்விடும், அதாவது மூன்றரை சதவீதம். 25 சதுர மி.மீ. போட்டால் 0.28 வோல்ட்தான். 3 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து 18 செ.மீ.க்குள். காரில் செய்வதுபோல் நெகட்டிவை அருகிலுள்ள உலோகத்தில் மாட்டுவது படகில் அரிப்புக்கு அழைப்பு. தனிக் கம்பியாக நெகட்டிவ் பஸ்பார்வரை (நெகட்டிவ் கம்பிகள் எல்லாம் சேரும் பட்டை) கொண்டுபோங்கள். திசைகாட்டி அருகே போனால் இரண்டு கம்பிகளையும் முறுக்கி விடுங்கள். கிரிம்ப் செய்த முனைகளுக்கு, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்).

ஒலி சரிசெய்வதில் முதலில் லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸ், சப்சானிக் (அதற்குக் கீழுள்ளதைத் தடுப்பது) 30 அல்லது 35 ஹெர்ட்ஸ். திறந்தவெளியில் 30க்குக் கீழே காதுக்கு எதுவும் வராது, கோன் மட்டும் வீணாகத் துள்ளும். அடுத்து கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் குமிழ். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை பேஸ் பூஸ்ட் எதுவுமில்லாமல் முக்கால் சத்தத்தில் ஓடவிட்டு, ஆம்ப்பின் வெளியீட்டை மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டில் பாருங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. அந்த எண் வந்ததும் கெயினை அங்கேயே விட்டுவிடுங்கள். கெயின் என்பது சத்தக் குமிழ் அல்ல. அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, வாய்ஸ் காயில் சூடாகிக் கருகும்.

ஸ்பீக்கரை மாட்டியபின், ஓட்டுநர் இடத்தில் நின்று பேஸ் கிட்டார் தெளிவாக உள்ள ஒரு பாட்டைக் கேளுங்கள். சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி மாட்டி மறுபடி கேளுங்கள். எதில் பேஸ் கூடுதலாகக் கேட்கிறதோ அப்படியே விடுங்கள், வயர் நிறம் என்ன சொன்னாலும் சரி. பிறகு 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓடவிட்டு, படகு முழுவதும் கை வைத்துப் பாருங்கள். கிடுகிடுப்பது பெரும்பாலும் பெட்டியாக இருக்காது. லாக்கர் மூடி, கப் வைக்கும் வளையம், நங்கூரச் சங்கிலி, கன்சோலின் கதவுத் தாழ் என்று ஒவ்வொன்றும் தனக்கான ஹெர்ட்ஸ் வரும்போது பேசும். மூடிகளுக்கு 3 மி.மீ. ஃபோம் டேப், தாழ்களுக்கு ஒரு ரப்பர் வாஷர்.

முதல் நான்கைந்து பயணம் முடிந்ததும் ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று முடுக்குங்கள். ஃபோம் காஸ்கெட் அதற்குள் அமுங்கியிருக்கும். அப்போதே வாரையும் ஒரு பிடி இழுத்துக் கட்டி, ஊசித்துளையில் உப்பு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.